பச்சை பெயிண்டும் மாரி மாமாவின் பேட்டரியும்

இன்றைக்கு மண்ணூர் சாலையில் போய் நின்று பாருங்கள். கண்டெய்னர் லாரி, கம்பெனி பஸ், கார் என்று வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கும். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

1991-ல் அப்படியா இருந்தது? தூரத்தில் ஒரு வண்டிச் சத்தம் கேட்டாலே, அது யாருடைய வண்டி என்று தெருப் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். "டர்ர்ர்... டக். டர்ர்ர்... டக்" என்று இடையிடையே விக்கிக்கொண்டு வந்தால், சந்தேகமே வேண்டாம். அது ஜாஸ்மினின் அப்பா தேவசகாயத்தின் மோட்டார் சைக்கிள்.

ஜாஸ்மின் பிறப்பதற்கு முன்பே வாங்கிய வண்டி அது. அதற்கும் முன்னால் வேறு இரண்டு பேர் ஓட்டித் தேய்த்தது. பட்டனை அமுக்கினால் கிளம்புகிற சமாசாரமெல்லாம் அதில் கிடையாது. கிக்கரை எட்டி உதைக்க வேண்டும். ஆனாலும் என்ன வண்டி! ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அப்பா ஜாஸ்மினை டேங்க் மேலும், அவள் தோழி பிரவீனாவைப் பின்னாலும் உட்காரவைத்து ஸ்ரீபெரும்புதூருக்கு ஓட்டிப்போவார். தேரடிப் பக்கம் ஆளுக்கு ரெண்டு வாழைக்காய் பஜ்ஜி தின்றுவிட்டுத் திரும்பி வருவார்கள். முகத்தில் காற்று அடிக்க, கண்ணில் தண்ணீர் வர, இரண்டு பேரும் காரணமே இல்லாமல் சிரிப்பார்கள்.

பிரவீனாவின் அப்பாதான் மாரி. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே தகரக் கூரை போட்ட மெக்கானிக் கடை வைத்திருந்தார். ஜாஸ்மினுக்கு அவர் மாரி மாமா. அப்பாவும் அவரும் சின்ன வயதுச் சிநேகிதர்கள். இரண்டு பேரும் சேர்ந்துவிட்டால் நன்றாக ஓடுகிற வண்டியைக்கூடப் பிரித்துப் போட்டு, துடைத்து, மறுபடி மாட்டிவிட்டு, பெரிய வேலை செய்தவர்கள் மாதிரி டீ குடிப்பார்கள்.

அந்த வருஷம் அக்டோபர் மாதம் வண்டியின் பழைய பேட்டரி ஒரேயடியாகப் படுத்துவிட்டது. மாரி மாமா புதிய பேட்டரி ஒன்றை மாட்டிக் கொடுத்தார். அதன் பிறகு விக்கல்கூட நின்றுபோனது. உதைத்தால் கிளம்பியது. ஹாரனை அழுத்தினால் தெருக்கோடி ஆடு திரும்பிப் பார்த்தது.

இரண்டு வாரம் கழித்து ஆயுத பூஜை வந்தது.

அப்பா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். ஆயுத பூஜை வந்தால் அங்கே சாமி, மதம் என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒரு வாரத்துக்கு முன்பே மெஷின்களையெல்லாம் துடைத்து, பச்சை பெயிண்ட் அடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அப்பா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்தான். ஆனால் தன் மெஷினுக்கு வேறு ஒருவர் பெயிண்ட் அடிக்க விட்டதே இல்லை.

அன்று பொரி, பொட்டுக்கடலை பொட்டலத்தோடு அரை டப்பா பெயிண்டும் வீட்டுக்கு வந்தது.

"இது இன்னாப்பா?" என்றாள் ஜாஸ்மின்.

"மிச்ச பெயிண்ட். எடுத்துகினு போயான்னு சூப்பர்வைசர் குடுத்தாரு. நம்ம வண்டிக்கு அடிச்சா எப்டி இருக்கும்?"

"நான் அடிக்கிறேன்பா! நான்தான் அடிப்பேன்!"

அப்பா யோசித்தார். "அடி. ஆனா ஒரு இடம் வுடக்கூடாது. எங்க லைன்ல பெயிண்ட் அடிச்சா, இன்ஸ்பெக்ஷன்ல மெஷின் அடியில கண்ணாடிய வுட்டுப் பாப்பாங்க, தெரியுமா?"

ஒரு இடம் விடக்கூடாது. சொன்னால் போதாதா? ஜாஸ்மினுக்கு ஒரு வேலையை எடுத்துவிட்டால் சாப்பாடு, தூக்கம் எதுவும் நினைவிருக்காது. இரண்டு நாள் லீவு முழுவதும் வண்டியோடுதான் இருந்தாள். மட்கார்டு, ஃபிரேம், சங்கிலி மூடி என்று ஒன்றையும் விடவில்லை. பேட்டரியிலிருந்து ஒரு கறுப்பு வயர் கிளம்பி, சீட்டுக்கு அடியில் வண்டியின் இரும்புச் சட்டத்தில் ஒரு போல்ட்டில் முடிந்தது. அந்த வயரின் நுனி மறைத்த இடத்தில் மட்டும் பெயிண்ட் படவில்லை.

விடுவாளா? ஸ்பேனரை எடுத்து போல்ட்டைக் கழற்றினாள். அடியில் அடித்தாள். வயர் நுனியில் இருந்த வளையத்துக்கும் அடித்தாள். போல்ட்டையும் விடவில்லை. காய்ந்ததும் எல்லாவற்றுக்கும் இன்னொரு கோட். பிறகு பழையபடி இறுக்கி முடுக்கினாள்.

அதோடு கை நிற்கவில்லை. மிச்சமிருந்ததை வீட்டு முக்காலிக்கு அடித்தாள். டார்ச் லைட்டுக்கும் அடித்தாள். சொம்பை எடுத்தபோதுதான் அம்மா ஓடிவந்து டப்பாவைப் பிடுங்கினாள்.

சாயங்காலம் அப்பா நிஜமாகவே அம்மாவின் முகம் பார்க்கும் கண்ணாடியை வாங்கி, வண்டிக்கு அடியில் பிடித்துப் பார்த்தார்.

"பாஸ்!" என்று கத்தினார். "இன்ஸ்பெக்ஷன் பாஸ்! எங்க லைன்ல கூட இப்டி அடிக்க ஆள் இல்ல!"

பார்க்கிறவர்களிடமெல்லாம் "என் பொண்ணு அடிச்ச பெயிண்ட்" என்றார். கேட்காதவர்களிடமும் சொன்னார்.

நான்காம் நாள் தொடங்கியது வினை.

அப்பாவுக்கு ஏ ஷிஃப்ட். ஆறு மணிக்கு கம்பெனியில் நிற்க வேண்டும். விடியற்காலை ஐந்தேகாலுக்குக் கிக்கரை உதைத்தார். வண்டி "ஹும்" என்றது. மறுபடி உதைத்தார். அதுவும் இல்லை. சாவியைத் திருப்பினால் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு மங்கலாகக் கண்ணைச் சிமிட்டியது. ஹாரனை அமுக்கினார். தொண்டை கட்டியவன் கனைப்பதுபோல ஒரு சத்தம் வந்தது.

"தள்ளு, தள்ளு!" என்றார் அப்பா.

ஜாஸ்மின் தள்ளினாள். அம்மா தள்ளினாள். பக்கத்து வீட்டு கோவிந்தம்மா ஒரு கையில் இட்லிக் கரண்டியோடு இன்னொரு கையால் தள்ளினாள். தெருக்கோடியில் வண்டி உயிர் வந்து உறுமியது. அப்பா திரும்பிக்கூடப் பார்க்காமல் பறந்துவிட்டார்.

அன்று முதல் இதே பிழைப்பாகிப் போனது. மாரி மாமா பேட்டரியைக் கழற்றிக் கொண்டுபோய்க் கடையில் சார்ஜ் போட்டு மாட்டுவார். ஒரு நாள் ஓடும், இரண்டு நாள் ஓடும். மூன்றாம் நாள் மறுபடி தள்ளு, தள்ளு. கோவிந்தம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னாய்யா, வண்டி உனுக்கா, எனுக்கா? தெனம் நான்தானே இட்டுகினு போறேன்! பச்சப் பசேல்னு அடிச்சுவுட்டா கண்ணு படாதா? ஒரு எலுமிச்சம்பழம் கட்டுய்யா மொதல்ல."

எலுமிச்சம்பழமும் கட்டிப் பார்த்தாயிற்று. பழம் வாடியதுதான் மிச்சம்.

மாரி மாமா டைனமோவைப் பிரித்துப் பார்த்தார். வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். போல்ட்டுகள் எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. பேட்டரியில் ஒரு பல்பை மாட்டினால் பளிச்சென்று எரிந்தது.

"பேட்டரி நல்லா கீது தேவா. டைனமோவும் சார்ஜ் குடுக்குது. எங்கியோ உள்ள உக்காந்துகினு வெளையாட்டு காட்டுது. ரெண்டு நாள் டைம் குடு."

அப்பாவுக்குப் பொறுமை இல்லை. கம்பெனியில் இரண்டு முறை லேட். சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். போதாததற்கு, கூட வேலை செய்யும் பாண்டுரங்கன் காதில் ஒன்றைப் போட்டுவைத்தார். "புது பேட்டரி ஒரு மாசத்துல போவுமா? பழசுக்குப் புது லேபிள் ஒட்டி விக்கிறானுங்க சார், உசாரா இருங்க."

அன்று சாயங்காலம் அப்பா வண்டியைத் தள்ளிக்கொண்டு மாரி மாமாவின் கடைக்குப் போனார். ஜாஸ்மின் பின்னால் தள்ளிக்கொண்டு போனாள். பஸ் நிறுத்தத்தில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். கடையில் ஒரு டயர்மேல் உட்கார்ந்து பிரவீனா வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"மாரி, நெஜத்தச் சொல்லு," என்றார் அப்பா. குரல் எதிர்ப்பக்கம் வரை கேட்டது. "பழைய பேட்டரிக்குப் புது லேபிள் ஒட்டி என் தலையில கட்டிட்டியா?"

மாரி மாமா கை துடைத்துக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. பஸ் நிறுத்தத்தில் பேச்சும் நின்றது.

"இத்தினி வருசம் பழகினு இந்தக் கேள்விய கேக்குற, இல்ல?" என்றார் மெதுவாக. "வண்டிய எடுத்துகினு போ தேவா. வேற எங்கியாச்சும் காட்டிக்க."

அவர் திரும்பக் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது ஜாஸ்மினுக்கு. பிரவீனாவைப் பார்த்தாள். பிரவீனா நோட்டை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை.

மறுநாள் பள்ளியில் பிரவீனா இரண்டாம் பெஞ்சில் இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில்தான். மற்றப் பிள்ளைகள் எல்லாரும் ஜாஸ்மினையே பார்த்தார்கள்.

மணி அடித்ததும் ஜாஸ்மின் ஓடினாள். "ப்ரவீ, இன்னாடி இது? என்கிட்ட ஏன் பேசமாட்டேங்கிற?"

"எங்கப்பா ஏமாத்துக்காரரா?"

"நான் அப்டி சொன்னேனா?"

"உங்கப்பா சொன்னாரு. நீ பக்கத்துலதானே நின்ன? அப்டியெல்லாம் இருக்காதுப்பான்னு ஒரு வார்த்த சொன்னியா?" பிரவீனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நேத்து பேட்டரி மாத்தறதுக்கு ரெண்டு பேர் வண்டிய நிறுத்தினாங்க. பஸ் ஸ்டாப்புல யாரோ இன்னாவோ சொன்னதும் அப்டியே போய்ட்டாங்க. எங்கப்பா ராத்திரி சாப்புடவே இல்ல."

ஜாஸ்மின் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பது உண்மைதானே? அன்று மதியச் சோறு அவளுக்கும் இறங்கவில்லை.

நவம்பர் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்விட்டது.

"ஜாஸ்மின், அந்த டார்ச்ச எடு," என்றாள் அம்மா.

ஜாஸ்மின் தடவிப்பிடித்து எடுத்துப் பொத்தானைத் தள்ளினாள். எரியவில்லை. உள்ளங்கையில் தட்டினாள். ஒரு நொடி மின்னிவிட்டு அணைந்தது.

"பேட்டரிக் கட்டை தீந்துபோச்சு," என்றார் அப்பா.

"தீந்துபோச்சா? போன வாரந்தான் புதுசு வாங்கிப் போட்டேன்!" என்றாள் அம்மா.

"அப்ப கடைக்காரன் பழச உன் தலையில கட்டிட்டான். இந்தக் காலத்துல எவனையும் நம்ப முடியல."

ஜாஸ்மினுக்குச் சுருக்கென்றது. புதிதாக வாங்கியது. வாங்கின சூட்டில் படுத்துக்கொண்டது. தட்டினால் உயிர் வருகிறது. உடனே கடைக்காரர் ஏமாற்றுக்காரர். இதே கதையை எங்கே கேட்டோம்?

அம்மா மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றியதும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச்சைத் திருகிப் பிரித்தாள். அது இரும்புத் தகட்டில் செய்த டார்ச். பின் மூடியின் மரைக்குள்ளே பச்சைப் பசேலென்று பெயிண்ட். ஒரு இடம் விடக்கூடாது என்று அவளே உள்ளே விட்டு அடித்தது.

ஓர் ஆணியால் மரையைச் சுற்றிச் சுரண்டினாள். பச்சைத் தூள் மடியில் கொட்டியது. கீழே இரும்பு பளபளத்தது. மூடியைத் திருகிப் பொத்தானைத் தள்ளினாள்.

பளீர்! வெளிச்சம் நேராக அப்பாவின் முகத்தில் விழுந்தது.

"ஏய், கண்ணு, கண்ணு!" என்று அப்பா கையால் மறைத்துக்கொண்டார். "கட்டை நல்லாத்தான் கீதா? பரவால்லியே!"

ஜாஸ்மின் மடியில் கிடந்த பச்சைத் தூளைப் பார்த்தாள். கட்டையில் கோளாறே இல்லை. கரண்ட் கட்டையிலிருந்து கிளம்பி பல்புக்குப் போகிறது. போனால் போதுமா? இரும்பு வழியாகக் கட்டைக்குத் திரும்பி வரவேண்டாமா? வருகிற வழியில் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே பெயிண்ட் உட்கார்ந்துகொண்டு வழியை மறித்திருக்கிறது. அதே பெயிண்ட். அதே கை. சீட்டுக்கு அடியில் அந்தக் கறுப்பு வயர்!

மறுநாள் சனிக்கிழமை. பள்ளி லீவு. வண்டியோடு மல்லுக்கட்ட முடியாமல் அப்பா பஸ்ஸில் வேலைக்குப் போயிருந்தார். அம்மா ரேஷன் கடையில். ஜாஸ்மின் சீட்டைத் தூக்கி, ஸ்பேனரால் அந்த போல்ட்டைத் திருகினாள்.

இருந்தது. வளையத்துக்கு மேலும் கீழும், போல்ட்டின் மரை முழுவதும், அழகாக, வழவழவென்று இரண்டு கோட் பச்சை. முடுக்கும்போது விழுந்த ஒரு மெல்லிய கீறலைத் தவிர ஒரு பொட்டு இரும்புகூடத் தெரியவில்லை.

பக்கத்தில் உப்புத்தாள் தயாராக வைத்திருந்தாள். இரண்டு நிமிஷ வேலை. தேய்த்துவிட்டு முடுக்கிவிட்டால் வண்டி ஓடும். யாருக்கும் எதுவும் தெரியாது. அப்பா திட்டமாட்டார். "என் பொண்ணு அடிச்ச பெயிண்ட்" என்று தொடர்ந்து சொல்லிக்கொண்டிருப்பார்.

உப்புத்தாளைக் கையில் எடுத்தாள். அப்புறம் நின்றாள்.

தேய்த்துவிட்டால் வண்டி சரியாகிவிடும், சரி. மாரி மாமா? அவர் நல்ல பேட்டரிதான் கொடுத்தார் என்று யார் சொல்வார்கள்? "எப்படியோ ஓடுது" என்று அப்பா ஓட்டிக்கொண்டு போய்விடுவார். பஸ் நிறுத்தத்தில் அந்தப் பேச்சு அப்படியே நிற்கும். பிரவீனா கடைசி பெஞ்சிலேயே இருப்பாள். மாரி மாமாவுக்கு இருக்கிற ஒரே சாட்சி இந்தப் பச்சை பெயிண்ட்தான்.

ஜாஸ்மின் போல்ட்டைப் பழையபடி முடுக்கிவிட்டு, உப்புத்தாளை மடித்துப் பாவாடைப் பையில் வைத்துக்கொண்டாள். மூன்று மணிக்கு அப்பா வரும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, வண்டி ஏன் ஸ்டார்ட் ஆவலன்னு கண்டுபுடிச்சிட்டேன். நான்தான்பா காரணம்."

அப்பா சிரித்தார். "நீ இன்னாம்மா பண்ணுவ? செருப்பக் கழட்டறதுக்குள்ள இன்னா இது?"

"சாவியப் போடுப்பா. போட்டுட்டு ஹாரன அமுக்கு."

அப்பா அலுத்துக்கொண்டே அமுக்கினார். "க்ர்ர்" என்றது.

ஜாஸ்மின் போல்ட்டைக் கழற்றி, கறுப்பு வயரின் வளையத்தை ஓரத்தில் மட்டும் ஆணியால் கொஞ்சம் சுரண்டினாள். அதை எஞ்சினில் பெயிண்ட் படாத வெற்று உலோகத்தில் அழுத்திப் பிடித்தாள். "இப்ப அமுக்கு!"

"பாஆஆஆம்!"

கோவிந்தம்மா வீட்டுக் கோழிகள் நான்கு பக்கமும் சிதறின. கோவிந்தம்மாவே வெளியே வந்து "யாருய்யா அது?" என்றாள்.

அப்பா மறுபடி அமுக்கினார். மறுபடி "பாஆம்." வளையத்தை எடுத்தாள், சத்தம் செத்தது. வைத்தாள், வந்தது. அப்பா குனிந்து அந்தப் பச்சை போல்ட்டைப் பார்த்தார். ஃபிட்டர் அல்லவா? விளக்கிச் சொல்லத் தேவையே இல்லை. அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"திட்டுப்பா," என்றாள் ஜாஸ்மின்.

"உன்ன எதுக்குத் திட்றது?" என்றார் அப்பா. "ஒரு இடம் வுடாதன்னு சொன்னவன் நான். கண்ணாடி வெச்சுப் பாத்து பாஸ் போட்டவன் நான். கரண்ட் திரும்பி வர்ற எர்த் வயர்மேல பெயிண்ட் அடிக்கலாமான்னு யோசிக்காதவனும் நான்தான். அத்தோட வுட்டேனா? அந்த மனுசன நடு ரோட்டுல நிக்க வெச்சு..." தலையில் அடித்துக்கொண்டார். கையை நீட்டி, "ஒரு உப்புத்தாள் குடு, தேச்சு வுட்டுடலாம்," என்றார்.

"வேணாம்பா. மாரி மாமா பாக்கட்டும். எல்லாரும் பாக்கட்டும்."

"எந்த மூஞ்சிய வெச்சுகினு அவன் கடைக்குப் போறது?"

"இதே மூஞ்சிதான்பா. வேற ஏது?"

அப்பாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எழுந்து போல்ட்டைத் திரும்ப மாட்டிவிட்டு வண்டியின் ஸ்டாண்டை எடுத்தார்.

இரண்டு பேரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மழை விட்டிருந்தது. பஸ் நிறுத்தத்தில் நாலு மணி பஸ்ஸுக்காகக் கூட்டம் நின்றது. அதில் பாண்டுரங்கனும் இருந்தார். கடை தெரிந்ததும் அப்பாவின் நடை மெதுவாயிற்று. அப்புறம் நின்றேவிட்டது. செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்தார். அந்தச் செருப்பில் வாரே கிடையாது.

ஜாஸ்மின் பார்த்தாள். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் நின்ற இடம் இதுதான். நேராக நடந்து கடை வாசலுக்குப் போய் நின்று, ஒரே மூச்சில் சொன்னாள்.

"மாரி மாமா, உங்க பேட்டரி நல்ல பேட்டரி. நான்தான் எர்த் வயருக்கு ரெண்டு கோட் பெயிண்ட் அடிச்சிட்டேன். அதனாலதான் வண்டி கிளம்பல."

கடைசி பெஞ்சில் கேட்க வேண்டும் என்றால் எவ்வளவு சத்தமாகச் சொல்வோமோ, அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருந்தாள். பஸ் நிறுத்தம் முழுக்கத் திரும்பியது. கடைக்குள்ளிருந்து பிரவீனா எட்டிப் பார்த்தாள்.

மாரி மாமா வந்து, சீட்டைத் தூக்கி, போல்ட்டைக் கழற்றினார். உள்ளங்கையில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்தார். அதற்குள் அப்பா வந்து பக்கத்தில் நின்றிருந்தார்.

"மாரி," என்றார் அப்பா. பாண்டுரங்கனுக்கும் கேட்கட்டும் என்று குரலைத் தூக்கினார். "எல்லாரும் கேளுங்க. இவன் குடுத்தது புது பேட்டரி. நல்ல பேட்டரி. என் வாய்தான் சரியில்ல. அன்னிக்கு இதே எடத்துல சொன்னது அத்தினியும் தப்பு. மன்னிச்சுக்கடா."

பாண்டுரங்கன் அவசரமாக வேறு பக்கம் பார்த்து, பஸ் வருகிறதா என்று தேடினார்.

மாரி மாமா போல்ட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நானும் பாத்தேன் தேவா. போல்ட் டைட்டா கீதான்னு மட்டும் பாத்தேன். என் கையால டைட் பண்ணதுதானேன்னு கழட்டிப் பாக்கல. மெக்கானிக்குன்னு பேரு, ஒரு சின்னப் பொண்ணு கண்டுபுடிச்சிருக்கு." பெருமூச்சு விட்டார். அப்புறம் ஜாஸ்மினைப் பார்த்தார். "ஏம்மா, கண்டுபுடிச்சல்ல, நீயே தேச்சு வுட்டிருக்கலாமே?"

"தேச்சிருந்தா உங்களுக்கு யாரு மாமா சாட்சி?"

மாரி மாமா அவளுடைய தலையில் கையை வைத்தார். கிரீஸ் கை. ஜாஸ்மின் நகரவில்லை.

அதற்குள் பிரவீனா கடைக்குள்ளிருந்து பெரிய உப்புத்தாள் ஒன்றைக் கொண்டுவந்தாள். நடுவில் கிழித்துப் பாதியை ஜாஸ்மினிடம் நீட்டினாள்.

"நீ போல்ட்ட தேய். நான் வளையத்த தேய்க்கிறேன்," என்றாள்.

"என்கிட்டயே தாள் கீதுடி," என்றாள் ஜாஸ்மின்.

"பரவால்ல. இதுலியும் தேய்."

இரண்டு தலைகளும் முட்டிக்கொள்ளத் தேய்த்தார்கள். மாரி மாமா வண்டிச் சட்டத்தில் தேய்த்தார். மூன்றிலும் வெள்ளை இரும்பு தெரிந்ததும் அவர் போல்ட்டை முடுக்கினார். அப்பா சாவியைப் போட்டார். சிவப்பு விளக்கு மிளகாய்ப் பழம்போல எரிந்தது. முதல் உதையில் வண்டி யோசித்தது. இரண்டாவது உதையில் கிளம்பியது! ஆக்ஸிலேட்டரைத் திருகியதும் சிவப்பு விளக்கு அணைந்தது.

"வெளக்கு நின்னுபோச்சு! டைனமோ சார்ஜ் குடுக்குது!" என்று மாரி மாமா தொடையில் தட்டினார். "ஏறு தேவா, ஒரு ட்ரயல் பாக்கலாம். தண்டலம் வரைக்கும்."

"அவ்ளோ தூரமா? வாடா போலாம்!"

இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்து, பிள்ளைகளையும் மறந்து, திறந்து கிடந்த கடையையும் மறந்து போயே போய்விட்டார்கள். தண்டலம் போனால் டீ குடிக்காமல் திரும்பமாட்டார்கள். டீ குடித்தால் பேச்சு முடியாது. வருவதற்கு எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும் என்று இரண்டு பெண்களுக்கும் தெரியும். டயர்மேல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நிறைய நாட்களின் பேச்சு மிச்சம் இருந்தது.

"திங்கக்கெழம செகண்ட் பெஞ்சுல எடம் கீதா?" என்றாள் பிரவீனா.

"உன் எடத்துல என் பையதான் உக்காந்துகினு கீது," என்றாள் ஜாஸ்மின்.

அப்போது ஒருவர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு கடை முன்னால் வந்து நின்றார். வேர்த்து வழிந்தது.

"இன்னா பாப்பா, மெக்கானிக் இல்லியா? பேட்டரி மாத்தணும். இங்க பேட்டரி எப்டி, நல்லா இருக்குமா?"

பிரவீனா வாயைத் திறப்பதற்குள் ஜாஸ்மின் எழுந்து நின்றுவிட்டாள்.

"ரொம்ப நல்லா இருக்கும் சார், உக்காருங்க. மாமா வந்துடுவாரு," என்றாள். "ஆனா மாட்டினதுக்கு அப்புறம் வண்டிக்கு பெயிண்ட் மட்டும் அடிச்சிடாதீங்க."